மரக் கிண்ணம் கடையும்போது வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்வது எப்படி

வீட்டுப் பின்கட்டில், மரத்தைச் சுழற்றிக் கடையும் ஒரு சின்ன லேத்தை வைத்துக்கொண்டு பதினோரு வருடமாகக் கிண்ணம் கடைகிறேன். பூவரசு, வாகை, வேம்பு, பலா, மா என்று எது கிடைக்கிறதோ அது. எல்லாம் அலங்காரத்துக்கு வைக்கிற கிண்ணங்கள்தான். புதிதாக லேத் வாங்கியவர்கள் போனில் கேட்பது பெரும்பாலும் ஒரே ஏழெட்டுக் கேள்விகள். "அண்ணே, மெஷின் கிடுகிடுன்னு ஆடுது." "உளி கடிச்சு இழுக்குது." "நேத்து நல்லா இருந்துச்சு, காலைல பார்த்தா வெடிச்சிருக்கு." சொல்லிச் சொல்லி மனப்பாடமாகிவிட்டதால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஒவ்வொரு கோளாறுக்கும் காசு செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். செலவு வைக்கிற காரணம் கடைசியில் வரும். அந்த வரிசையை மாற்றாதீர்கள். பேரிங் போய்விட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிட்ட ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மேசையின் ஒரு கால் தரையைத் தொடவே இல்லை.

எந்தச் சோதனைக்கும் முன்னால் சுவிட்சை அணைத்து பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். ஓடவிட்டுப் பார்க்கவேண்டிய சோதனை என்றால் முகம் முழுவதையும் மூடும் கவசம் போட்டுக்கொள்ளுங்கள், கண்ணாடி மட்டும் போதாது. தோளில் துண்டு, தொங்கும் சட்டைக்கை, கையுறை, மோதிரம், மணிக்கட்டுக் கயிறு எதுவும் லேத் பக்கத்தில் வேண்டாம். சுற்றுகிற மரம் துணியின் நுனியைப் பிடித்தால் கையையும் சேர்த்துத்தான் இழுக்கும்.

லேத் ஆடுகிறது, அதிர்கிறது

கட்டையைக் கழற்றிவிட்டு வெறும் லேத்தை அதே வேகத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். தேடவேண்டிய இடம் இந்த ஒரே சோதனையில் பாதியாகக் குறைந்துவிடும்.

*கட்டையைக் கழற்றியதும் ஆட்டம் நின்றுவிட்டால்*

வேகம்தான் முதல் சந்தேகம். கட்டையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதோடு பெருக்குங்கள். விடை 6000-க்கும் 9000-க்கும் நடுவில் இருக்க வேண்டும். 10 அங்குலக் கட்டை என்றால் 600 முதல் 900 சுற்று. இது உருண்டையாகிவிட்ட கட்டைக்கான கணக்கு. கோணலும் மாணலுமாக இருக்கிற கட்டையை லேத்தில் இருக்கும் ஆகக் குறைந்த வேகத்தில் ஆரம்பித்து, ஆட்டம் தொடங்குகிற இடம் வரை கூட்டி, அதற்குக் கொஞ்சம் கீழே நிறுத்திக் கடையுங்கள். உருளத் தொடங்கியதும் வேகத்தைத் தானாகவே கூட்டத் தோன்றும்.

அடுத்தது எடை. பெல்ட்டைத் தளர்த்திவிட்டு கட்டையைக் கையால் சுழற்றி விடுங்கள். நாலைந்து முறை சுழற்றியும் ஒரே பக்கம்தான் கீழே வந்து நிற்கிறது என்றால் அந்தப் பக்கம் கனம். பூவரசில் இது அடிக்கடி வரும், ஒரு பாதியில் கறுத்த வைரமும் மறு பாதியில் வெளுத்த மரமுமாக இருக்கும். கனத்த பக்கத்து மூலையை வாளால் அறுத்து எடுங்கள். அது முடியாவிட்டால் பேஸ் பிளேட்டை, அதாவது கட்டையைத் திருகுகளால் லேத்தோடு பிடிக்கிற தட்டைக் கழற்றி, கனத்த பக்கம் பார்த்து அரை அங்குலம் நகர்த்தி மறுபடி முடுக்குங்கள்.

பேஸ் பிளேட்டின் திருகுகளையும் ஒருமுறை திருப்புளியால் இறுக்கிப் பாருங்கள். பச்சை மரத்தில் அவை அரை மணி நேரத்தில் தளர்ந்துவிடும். லேத்தின் மறுமுனையில் நகர்கிற டெயில் ஸ்டாக்கைக் கொண்டுவந்து முட்டுக்கொடுக்க முடிகிறவரை கட்டாயம் கொடுங்கள்.

*வெறும் லேத்தே ஆடினால்*

ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகிப் பாருங்கள். எந்தக் காலடியில் காகிதம் தடையில்லாமல் வழுக்கி வெளியே வருகிறதோ அதற்கு ஆப்பு வையுங்கள். மேசை எடை குறைந்ததாக இருந்தால் கீழ்த்தட்டில் இரண்டு மூட்டை மணல் வைத்தாலே பாதி ஆட்டம் அடங்கும். எனக்கு அடங்கியது.

அப்புறம் பெல்ட். மழைக்காலத்தில் ஒரு மாதம் ஓடாமல் நின்ற லேத்தில் பெல்ட் புல்லியைச் சுற்றி வளைந்த வாக்கிலேயே இறுகிப்போயிருக்கும். ஒரு சுற்றுக்கு ஒருமுறை "தட் தட்" என்று தட்டும். பத்து நிமிடம் ஓடவிடுங்கள். அப்போதும் தட்டினால் புது பெல்ட், அதிகச் செலவில்லை. பெல்ட்டைக் கழற்றும்போதே புல்லியைச் சுற்றும் தண்டோடு பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக பேரிங். பெல்ட் இல்லாமல் தண்டை உள்ளங்கையால் மெல்லச் சுழற்றுங்கள். மணலை அரைப்பதுபோல் கரகரவென்று கைக்குத் தெரிந்தாலோ, கட்டையைத் தாடைகளால் கவ்வுகிற "சக்" என்ற பிடிப்பானைப் பிடித்து மேலும் கீழும் அசைக்கும்போது "டொக்" என்று ஒரு இடைவெளி உணர்ந்தாலோ, அரை மணி ஓட்டத்தில் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறினாலோ பேரிங் முடிந்தது. எண் அதன் பக்கவாட்டிலேயே பொறித்திருக்கும், அதே எண்ணை நீங்களே வாங்கிக்கொள்ளலாம். மாட்டுவதை மட்டும் மெக்கானிக்கிடம் விடுங்கள். சுத்தியலால் தட்டி ஏற்றினால் புது பேரிங் அன்றைக்கே கெட்டுவிடும். பேரிங் மாற்றியும் ஆடினால் தண்டு வளைந்திருக்கலாம். அதை இரும்பு கடையும் பட்டறையில் டயல் கேஜ் வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். செலவு அதிகம், அதனால்தான் கடைசியில் சொல்கிறேன்.

மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை

உளி மரத்தில் சிக்கியிருக்கிறதா, தண்டின் பூட்டு போட்டபடியே இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து மின்னழுத்தம். கோடைக்காலத்துச் சாயங்காலத்தில் வீட்டு பல்பும் மங்கலாக எரிகிறதென்றால் கொஞ்ச நேரம் பொறுப்பதே வைத்தியம். இரண்டும் இல்லை, ஒற்றை ஃபேஸ் மோட்டார், உறுமல் மட்டும்தான் என்றால் பெரும்பாலும் கெப்பாசிட்டர் போயிருக்கும். அதைத் திறந்து பார்க்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வார்னிஷ் கருகிய நாற்றம் வந்தால் மோட்டாரைக் கழற்றி ரீவைண்டிங் கடைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான்.

உளி கடிக்கிறது

ஒழுங்காகச் சீவிக்கொண்டிருந்த குழியுளி, திடீரென்று மரத்துக்குள் இறங்கி "டமார்" என்று கையை உதறும். கிண்ணத்தில் ஆழமான ஒரு வடு விழும். இதைத்தான் கடி என்கிறோம். இதற்குப் பயந்தே கடைசலை விட்டவர்கள் உண்டு. ஆனால் காரணங்கள் நாலைந்துதான், எல்லாமே சரிசெய்யக் கூடியவை.

*எங்கே வேண்டுமானாலும் கடிக்கிறது என்றால்* முதலில் கூர்மையைப் பாருங்கள். உளியின் விளிம்பை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். கூரான விளிம்பு கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைக் கோடு மாதிரி எங்காவது பளபளத்தால் அந்த இடம் மழுங்கியிருக்கிறது. மழுங்கிய உளியை நாம் அழுத்துவோம், அழுத்தினால் அது கடிக்கும். ஒரு கிண்ணத்துக்கு ஐந்தாறு முறையாவது சாணை பிடிப்பது வழக்கம். வைரம் பாய்ந்த வேம்பு என்றால் இன்னும் அதிகம்.

கூர்மை சரி என்றால் அடுத்தது உளி தாங்கி. அதற்கும் மரத்துக்கும் நடுவே கால் அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. கடையக் கடைய மரம் சிறுத்து இடைவெளி பெருகும், நாம் கவனிக்க மாட்டோம். லேத்தை நிறுத்தி தாங்கியைக் கிட்டே தள்ளுங்கள். தள்ளிய பிறகு, கட்டையை ஒரு முழுச் சுற்று கையால் சுற்றி எங்கும் இடிக்கவில்லை என்று பார்த்துவிட்டு சுவிட்ச் போடுங்கள்.

அதுவும் சரி என்றால் உங்கள் கைப்பழக்கம்தான். உளியின் சாணை பிடித்த சரிவு முதலில் மரத்தில் உரச வேண்டும். அப்போது சீவல் எதுவும் வராது. பிறகு கைப்பிடியை மெல்ல உயர்த்தினால் விளிம்பு இறங்கி சீவல் சுருண்டு வரும். இதில் சந்தேகம் இருந்தால் சரிவு முழுக்க மார்க்கர் பேனாவால் கறுப்பு அடித்துவிட்டு ஒரு நிமிடம் கடைந்து பாருங்கள். சரிவின் நடுவிலும் மை தேய்ந்திருந்தால் சரி. விளிம்பில் ஒரு முடியளவு மட்டும் தேய்ந்து மற்றதெல்லாம் கறுப்பாகவே இருந்தால் நீங்கள் சரிவை ஊன்றவே இல்லை. நான் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு முதல் நாளே இந்தச் சோதனையைச் செய்யவைப்பேன். வாயால் பத்து முறை சொல்வதை அந்த மை ஒரு நிமிடத்தில் காட்டிவிடும்.

*கிண்ணத்தின் உள்வாயில், விளிம்பருகே மட்டும் கடிக்கிறது என்றால்* உளிக்கு அங்கே ஊன்ற இடமில்லை. குழியுளியின் குழிந்த பக்கம் கிண்ணத்தின் நடுவைப் பார்த்துப் பக்கவாட்டில் திரும்பியிருக்க வேண்டும். வானத்தைப் பார்த்தபடி வைத்தால் கடி நிச்சயம். அப்படியும் வழுக்கினால், வெட்டுளியால் விளிம்பில் மெல்லிய ஒரு கோடு போட்டுக்கொண்டு அந்தக் கோட்டுக்குள் நுழையுங்கள்.

*சுரண்டியால் வேலை செய்யும்போது மட்டும் கடிக்கிறது என்றால்* முனை மேல்நோக்கி நிற்கிறது என்று அர்த்தம். கைப்பிடி உயரமாகவும் முனை கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்ந்தும் இருக்க வேண்டும். சுரண்டியின் முழு அகலத்தையும் ஒரேயடியாக மரத்தில் வைக்காதீர்கள்.

இத்தனையும் பார்த்தும் கடி நிற்கவில்லையா? புது உளி வாங்காதீர்கள். கட்டில் கால், ஊஞ்சல் கம்பு கடைகிற ஆசாரி யாராவது பக்கத்தில் இருந்தால் அரை நாள் அவர் அருகில் நின்று கடைந்து காட்டுங்கள். நம் முழங்கை எங்கே தவறுகிறது என்று நமக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்குப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மேற்பரப்பில் நார் பிய்ந்து வருகிறது

பிய்ந்த இடம் எங்கே என்று விரலால் தடவிக் கண்டுபிடியுங்கள்.

*சுற்றிலும் எல்லா இடத்திலும் சொரசொரப்பு*: உளி மழுங்கல். சாணை பிடித்துவிட்டு வாருங்கள், வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

*நேர் எதிரெதிராக இரண்டு இடத்தில் மட்டும்*: நாருக்கு எதிராகச் சீவுகிறீர்கள். கிண்ணத்தின் வெளிப்புறத்தை அடியிலிருந்து விளிம்பு நோக்கியும், உட்புறத்தை விளிம்பிலிருந்து அடி நோக்கியும் கடைய வேண்டும். திசை சரியாக இருந்தும் பிய்ந்தால், கடைசி இரண்டு மூன்று சீவல்களை மிக மெல்லியதாக எடுங்கள். காகிதத்தை விட மெல்லிய சீவல். அதற்கும் மசியாத மரங்கள் உண்டு. மாமரமும் தூங்குமூஞ்சியும் எனக்கு அப்படித்தான். அந்த இரண்டு இடத்திலும் நீர்க்கக் கரைத்த அரக்கு பாலிஷைத் தடவிக் காயவிட்டு, நார் விறைப்பானதும் ஒரு சீவல் எடுத்தால் வழிக்கு வரும்.

*ஒரே ஒரு இடத்தில்*: கணு, இல்லையென்றால் உளுத்துப்போன மரம். நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் இறங்கினால் உளுத்தது. ஃபெவிக்விக் ஊற்றி இறுகவைத்துக் கடையலாம், பரப்பு சின்னதாக இருந்தால் மட்டும்.

உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். பிய்ந்த நாரைத் தாளால் தேய்த்தால் சுற்றியிருக்கிற நல்ல மரம்தான் தேயும், பள்ளம் அப்படியே இருக்கும்.

கிண்ணம் சக்கை விட்டுக் கழன்று பறக்கிறது

இது மற்றவை போல இல்லை, ஆளையே காயப்படுத்தக் கூடியது. சில வருடத்துக்கு முன்னால் 9 அங்குல வாகைக் கிண்ணம் ஒன்றின் உள்ளே கடைந்துகொண்டிருந்தேன். சத்தம் ஒரு நொடி மாறியது, சீவலின் "சர்ர்" நின்று ஒரு "கிடக்". நான் உளியை எடுப்பதற்குள் கிண்ணம் காதோரமாகப் போய்த் தகரத்தில் அடித்தது. தகரத்தில் அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். சக் பிடிப்பதற்காக அடியில் விட்டிருந்த குமிழ் உடையவில்லை, நசுங்கவும் இல்லை. அது கொஞ்சம் நீளமாக இருந்து நுனி சக்கின் அடியில் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அதனால் கிண்ணத்தின் தோள், அதாவது குமிழைச் சுற்றியிருக்கும் தட்டையான இடம், சக்கின் தாடைகளின் மேல் உட்காரவே இல்லை. இரண்டு மில்லிமீட்டர் பிசகுதான். அன்றிலிருந்து சுவிட்ச் போடும்போது கட்டைக்கு நேரே நிற்பதில்லை, ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பார்க்க வேண்டியவை இந்த வரிசையில்:

முதலில் தோள். சக்கை இறுக்கிய பிறகு, தாடைக்கும் கிண்ணத்தின் தோளுக்கும் நடுவே காகிதத் துண்டைச் செருகிப் பாருங்கள். எந்தப் பக்கமும் நுழையக் கூடாது. நுழைந்தால் குமிழ் நீளம், அதன் நுனியைச் சீவுங்கள். ஆறேழு மில்லிமீட்டர் நீளம் போதும்.

இரண்டாவது குமிழின் விட்டம். தாடைகள் ஏறக்குறைய மூடிய நிலையில், முழு வட்டமாக இருக்கும்போதுதான் பிடி பலமாக இருக்கும். விரித்துப் பிடித்தால் ஒவ்வொரு தாடையும் இரண்டு மூலையால் மட்டுமே கடித்துக்கொண்டிருக்கும். கிண்ணத்தின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு குமிழுக்கு விடுங்கள். அதற்குத் தகுந்த தாடை இல்லையென்றால் சின்னக் கிண்ணமாகக் கடையுங்கள்.

மூன்றாவது குமிழின் பக்கவாட்டு. உங்கள் தாடை உள்ளே சரிவாக இருந்தால் குமிழும் அதே சரிவில், அடிப்பக்கம் சிறுத்து நுனி அகன்று இருக்க வேண்டும். பச்சை மரமென்றால் பிடித்த இடம் நசுங்கிக்கொண்டே போகும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி இறுக்குங்கள். குமிழில் கணுவோ கீறலோ இருந்தால் அதை நம்பாதீர்கள், வேறு பக்கம் திருப்பிப் புதுக் குமிழ் கடையுங்கள்.

பேஸ் பிளேட்டில் பிடிப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஃபால்ஸ் சீலிங் வேலைக்கு வாங்குகிற கறுப்பு ஜிப்சம் ஸ்க்ரூவைப் போடாதீர்கள். வளையாது, பட்டென்று ஒடியும். தலை தடித்த மர ஸ்க்ரூதான் சரி.

நாலு தாடையில் ஒன்று மட்டும் வெளியே துருத்தி நிற்கிறதா? சுத்தம் செய்துவிட்டு மாட்டும்போது வரிசை மாறியிருக்கும். தாடைகளில் 1 முதல் 4 வரை எண் இருக்கும், அந்த வரிசையிலேயே மாட்டுங்கள். வரிசை சரியாக இருந்தும் பிடி சமமாக வரவில்லை என்றால் உள்ளே மரை தேய்ந்துவிட்டது. வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சக்கை மாற்றித்தான் ஆக வேண்டும்.

கிண்ணம் வெடித்துவிட்டது

அதிகமாகக் கேட்கப்படுவது இதுதான். நல்ல உருவம் வந்து, அலமாரியில் வைத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, இரவு எல்லாரும் தூங்கிய பிறகு கூடத்திலிருந்து "டிக்" என்று ஒரு சத்தம் வரும். பங்குனி, சித்திரையில் அந்தச் சத்தத்தைப் பலமுறை கேட்டிருக்கிறேன். காலையில் போய்ப் பார்த்தால் விளிம்பிலிருந்து இறங்கிய ஒரு முடிக்கோடு.

வெடிப்பு எப்போது வந்தது என்பதை வைத்துக் காரணத்தைப் பிடிக்கலாம்.

*கடையும் முன்பே, கட்டையிலேயே*: அறுத்த முகம் திறந்தபடி கிடந்திருக்கிறது. மரம் அறுத்த அன்றைக்கே இரண்டு வெட்டு முகத்திலும் உருக்கிய மெழுகையோ, மீதியாகிக் கிடக்கிற சுவர்ப் பெயிண்டையோ கனமாகப் பூசுங்கள். வெடித்த கட்டையைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. வெடிப்பு முடிகிற இடம் வரை அறுத்துத் தள்ளுங்கள். எங்கே முடிகிறது என்று தெரியாவிட்டால் வெட்டிய முகத்தை ஸ்பிரிட்டால் துடையுங்கள். மற்ற இடமெல்லாம் சட்டென்று காய்ந்துவிடும், வெடிப்புக் கோடு மட்டும் ஈரமாகக் கறுத்து நிற்கும்.

*கடைந்த ஓரிரு நாளில்*: மரத்தின் நட்டநடுவில் இருக்கிற குருத்து கிண்ணத்துக்குள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வளையங்கள் எல்லாம் ஒரு புள்ளியில் சேருமே, அந்தப் புள்ளி. அது உள்ளே இருந்தால் அநேகமாக வெடித்தே தீரும். அடுத்த கட்டைக்கு, சாமில்லில் அறுக்கும்போதே நடுக்குருத்தை விலக்கி இரண்டு பக்கமாக அறுத்துத் தரச் சொல்லுங்கள். கையால் அறுத்து மல்லுக்கட்டுவதை விட அந்தக் கூலி எவ்வளவோ மேல்.

குருத்து இல்லை, ஆனாலும் வெடித்தது என்றால் சீக்கிரம் காய்ந்திருக்கிறது. பச்சை மரத்தை ஒரே மூச்சில் மெல்லியதாகக் கடைந்து ஃபேன் காற்றில் வைத்திருப்பீர்கள். இரண்டு தடவையாகக் கடையுங்கள். முதல் தடவை சுவரின் கனம் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 10 அங்குலக் கிண்ணத்துக்கு ஒரு அங்குலம். அடியும் அதே கனம். சுவர் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருந்தால் மெலிந்த இடம் முதலில் காய்ந்து இழுக்கும். வெளியே வெட்டு முகம் (நாரின் நுனிகள்) தெரிகிற இடங்களில் மெழுகு பூசி, காகிதப் பையில் போட்டு வாயை மடித்து, காற்றோட்டம் குறைந்த மூலையில் கவிழ்த்து வையுங்கள். மழைக்காலத்தில் பூஞ்சை வரும், வாரம் ஒருமுறை பையை மாற்றினால் போதும்.

எப்போது காய்ந்தது என்று எப்படித் தெரியும்? சமையலறைத் தராசுதான் பதில். வாரம் ஒருமுறை எடைபோட்டு அடிப்பக்கத்திலேயே பென்சிலால் தேதியும் கிராமும் எழுதி வாருங்கள். போன வருடத்துப் பூவரசுக் கிண்ணம் ஒன்றில் இப்படி எழுதியிருக்கிறேன்: தொடங்கும்போது 1,840, அப்புறம் 1,655, 1,520... கடைசி மூன்று வாரம் 1,210, 1,210, 1,210. நாலு மாதம் ஆனது. மூன்று வாரம் எடை குறையாமல் நின்றால் இரண்டாவது முறை கடையலாம்.

*உப்புத்தாள் போடும்போது*: சூடு. உள்ளே வெட்டு முகத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னச் சின்னக் கீறல்கள் வரிசையாக வரும். தாளைப் பிடித்திருக்கும் விரல் சுடுகிறது என்றால் மரமும் சுடுகிறது. வேகத்தைப் பாதியாகக் குறைத்து, மழுங்கிய தாளைத் தூர எறியுங்கள்.

*வந்த வெடிப்பைச் சரிசெய்யலாமா?* விரல் முட்டியால் கிண்ணத்தைத் தட்டிப் பாருங்கள், சந்தையில் மண்பானை வாங்கும்போது தட்டுவோமே அதே மாதிரி. கணீரென்று இருந்தால் வெடிப்பு மேலோட்டம். ஃபெவிக்விக்கும் அதே மரத்தூளும் போட்டு அடைத்துத் தேய்க்கலாம். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் அகலமென்றால் எபாக்ஸியில் காபித்தூளோ பித்தளைத் தூளோ கலந்து நிரப்பினால் அதுவே ஓர் அழகு. சத்தம் மந்தமாக வந்தால், அல்லது கோடு விளிம்பிலிருந்து அடி வரை போயிருந்தால், அதை லேத்தில் மறுபடி ஏற்றாதீர்கள். எவ்வளவு ஆசையாகக் கடைந்ததாக இருந்தாலும் வேண்டாம். சுற்றும்போது இரண்டாகப் பிளந்து வரும்.

மேசையில் வைத்தால் கிண்ணம் ஆடுகிறது, வாய் கோணியிருக்கிறது

காயாத மரம், வேறொன்றும் இல்லை. கிண்ணத்தின் சுவரில் இன்னும் கனம் இருந்தால் காயவைத்து மறுபடி கடையுங்கள். கனம் இல்லையென்றால், கண்ணாடிப் பலகையில் உப்புத்தாளை ஒட்டி அடியை அதன் மேல் தேய்த்து சமன்செய்யுங்கள். கோணிய வாயை அப்படியே விடலாம். இனிமேல் அடியைத் தட்டையாகக் கடையாமல் நடுவில் லேசாகக் குழித்துவிடுங்கள். ஓரம் மட்டும் தரையில் படும், ஆடாது.

அடி ஓட்டையாகிவிட்டது, நடுவில் குமிழி நிற்கிறது

உள்ளே கடையத் தொடங்குமுன் வேண்டிய ஆழத்துக்கு நடுவில் டிரில் போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் துளை மறைகிற இடத்தில் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். சக் பிடிக்கும் குமிழின் உயரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிடாதீர்கள், அடி ஓட்டையாவது பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான். நடுவில் மச்சம் மாதிரி ஒன்று அழியாமல் நின்றால் உளியின் முனை மையத்துக்குக் கீழே போகிறது. தாங்கியை ஓரிரு மில்லிமீட்டர் உயர்த்துங்கள்.

பாலிஷ் போட்டதும் வட்டக் கீறல்கள் தெரிகின்றன

இவை முன்பே இருந்தவை, பாலிஷ் காட்டிக்கொடுக்கிறது. உப்புத்தாளில் எண்ணைத் தாண்டியிருப்பீர்கள். 80, 120, 180, 240, 320, 400 என்று ஏணிப்படி மாதிரி ஏற வேண்டும். ஒவ்வொரு எண் முடிந்ததும் தூளைத் துடைத்து, லேத்தை நிறுத்தி, அதே தாளால் நார் ஓடும் திசையில் கையால் நாலு இழுப்பு இழுங்கள். செல்போன் டார்ச்சைக் கிண்ணத்தோடு படுக்கைவாட்டில் பிடித்துப் பார்த்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போங்கள். நேர் வெளிச்சத்தில் எந்தக் கீறலும் தெரியாது.

தூள் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். ஈட்டி மரத்தூள் சிலருக்குத் தோலில் தடிப்பை உண்டாக்கும். வேப்பந்தூளில் எனக்கு மூக்கும் கண்ணும் எரியும். நல்ல மாஸ்க் போட்டும் மூச்சு இழுக்கிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள், அந்த மரத்தையும் விட்டுவிடுங்கள்.

பாலிஷ் சரியாக வரவில்லை

*வெள்ளையாகப் பூத்துவிட்டது*: மழைநாளில் அரக்கு பாலிஷோ லாக்கரோ அடித்திருப்பீர்கள். காற்றிலிருக்கிற ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டது. வெயில் அடிக்கிற நாளில், துணியில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு மெல்ல ஒரு தடவை இழுத்தால் அரக்கு பாலிஷ் தெளிந்துவிடும். லாக்கருக்கு இது உதவாது. அதற்குரிய தின்னரைக் கேட்டு வாங்குங்கள்.

*நாள் கணக்காகியும் பிசுபிசுக்கிறது*: ஆளிவிதை எண்ணெயைக் காய்ச்சாமல், பச்சையாகப் பூசினீர்களா? அது காய வாரக்கணக்காகும். கனமாகப் பூசியிருந்தாலும் அப்படித்தான். டர்பன்டைனில் நனைத்த துணியால் துடைத்தெடுத்துவிட்டு, மெல்லியதாகப் பூசிப் பதினைந்து நிமிடத்தில் மிச்சத்தை ஒட்டத் துடையுங்கள். சமையல் எண்ணெய் எதுவும் வேண்டாம். நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் காய்ந்து இறுகுகிற எண்ணெய்கள் அல்ல. ஈட்டி மரத்தில் மட்டும் பிசுபிசுக்கிறது என்றால் மரத்தின் சொந்த எண்ணெய்ப் பசைதான் காரணம். முதலில் ஒரு பூச்சு அரக்கு பாலிஷ் அடித்துவிட்டு மேலே எண்ணெய் போடுங்கள்.

*அரக்குக் குச்சி ஒட்டாமல் திட்டுத் திட்டாக நிற்கிறது*: கர்நாடகத்துச் சென்னபட்டணத்து மரப் பொம்மைகளில் வருகிற மினுமினுப்பை கிண்ணத்தில் கொண்டுவர முயல்கிறவர்களுக்கு இது வரும். அங்கே பெரும்பாலும் நம் வெட்பாலை மரத்தில் கடைந்து, சுற்றுகிற மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்தி, உரசும் சூட்டில் உருகியதைத் தாழை மடலால் பரப்புகிறார்கள். ஒட்டவில்லை என்றால் வேகத்தைக் கூட்டிப் பாருங்கள், சூடு பற்றவில்லை. கூட்டியும் ஒட்டாவிட்டால் மரம் காயவில்லை, அல்லது முன்பே எண்ணெயோ மெழுகோ பட்டிருக்கிறது. அகலமான கிண்ணத்தின் நடுப்பகுதி ஓரத்தை விட மெதுவாகத்தான் நகரும், அங்கே சூடு குறைவு. அதனால் நடுவில் தொடங்கி வெளியே வாருங்கள்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடேறும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும், பட்டறை முழுக்க மரச் சீவல் கிடக்கும்போது. கொடியில் ஒற்றையாக விரித்துப் போட்டு விறைப்பாகக் காய்ந்த பிறகு குப்பையில் சேருங்கள். அன்றைக்கே எறிய வேண்டுமென்றால் தண்ணீரில் முக்கி ஒரு டப்பாவில் மூடி வையுங்கள்.